இடுப்பு பத்திரம், கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

நானும் அம்மாவும் சுகம். பொங்கலுக்கு வந்துபோனதிலிருந்து நீ அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாய். வேலை அதிகம் என்றாள். இருக்கும்.

முதலில் இடுப்பு. லேப்ரடார் நாயைக் குனிந்து தூக்காதே. உட்கார்ந்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கு. முப்பது வருடம் சினை ஊசி போட்டு, கன்று இழுத்து, என் இடுப்பு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். உனக்கோ அந்தத் தண்ணீர்த் தொட்டியில் ஈரத்தோடு நிற்கிற வேலை வேறு.

ஐந்தரை வருடம் நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் படித்து, டி.என்.பி.எஸ்.சி. எழுதி வாங்கிய டாக்டர் வேலை. அதை விட்டுவிட்டு நாய்க்கு நடை பழக்கப் போனாய் என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை, மறைக்க மாட்டேன். "நாய்க்கு பிசியோவா?" என்று பெரியப்பா சிரித்தபோது நானும்தான் சேர்ந்து சிரித்தேன்.

ஆனால் பின்னங்கால் இரண்டும் விழுந்த அந்த டேஷண்டு நாய் நாலடி எடுத்து வைத்த வீடியோவை, டீக்கடையில் நான் காட்டாத ஆள் பாக்கி இல்லை. நம் டிஸ்பென்சரிக்கு வந்திருக்கும் புது டாக்டரம்மா, நீ தண்ணீர்த் தொட்டிக்குள் நாயை நடக்கவைக்கும் டிரெட்மில்லைப் பற்றிக் கேட்டார். இடுப்பு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றால் நாயின் கால்கள்மேல் அதன் எடையில் சுமார் 38 சதவீதம்தான் பாரமாக இறங்கும் என்று நீ சொன்னதை நானே கண்டுபிடித்த மாதிரி சொன்னேன். மேற்கு வீட்டு மாட்டுக்கு மடிநோய். டாக்டரம்மாவிடம் காட்டச் சொல்லிவிட்டு, நீ அனுப்பிய தஞ்சாவூர் கால்நடை டாக்டர் புண்ணியமூர்த்தி ஐயாவின் மூலிகைப் பக்குவத்தையும் மடியில் தடவ நானே அரைத்துக் கொடுத்தேன். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15. தராசில் நிறுத்தேன். அப்பத்தா கற்றாழையைக் கையில் எடுத்தாலே கத்துகிறவன் நான்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. இடுப்புக்கு பெல்ட் வாங்கினாயா?

பொங்கலன்று கொட்டகையில் சித்தப்பா பேசியபோது நீ திண்ணையில்தான் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாய். காதில் விழுந்திருக்கும். மறுநாள் புளியமரத்தடியில் பூ வைக்காமல் நீ பஸ் ஏறியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

செவலை சாகவில்லை, கண்ணு. கன்று போட்ட மறுநாள் பால் காய்ச்சலில் விழுந்தது. டாக்டர் வந்து இரண்டு பாட்டில் கால்சியம் ஏற்றியதும் தலையைத் தூக்கித் தீவனம் தின்றது. கால்தான் எழவில்லை. ஒரே பக்கம் கிடந்தால் பாரத்திலேயே சதையும் நரம்பும் செத்துப்போகும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போடு, அடியில் வைக்கோலைக் கனமாகப் பரப்பு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். நம் கொட்டகையில் இரண்டு ராத்திரிதான் புரட்டினேன். நீ ஏழாம் வகுப்பு. சாக்கைத் தைத்துப் புங்கமரத்தில் கட்டித் தூக்கி நிறுத்தலாம்பா என்று அழுதாய். போய்ப் படி என்று விரட்டினேன். மூன்றாம் நாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு புரோக்கர் வண்டியில் ஏற்றிவிட்டேன். 2,500 ரூபாய் கொடுத்தான். செத்துப்போச்சு, புளியமரத்தடியில் புதைத்தோம் என்று உன்னிடம் சொன்னேன்.

எழுந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். எழாமலும் போயிருக்கலாம். எனக்குத்தான் அலுத்துவிட்டது. அப்புறம் மாட்டுப்பொங்கலுக்கு மாட்டுப்பொங்கல் நீ அந்த இடத்தில் பூ வைத்ததை எத்தனை வருடம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொல். திட்டுவதாக இருந்தாலும் சரி.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் செக்கு எண்ணெய் போட்டுவிடுகிறேன். ஐந்து லிட்டர் கேன். குனிந்து தூக்காதே.

அப்பா