'தி டிஷ்' திரையிடலுக்குத் துணை நின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சிட்னியில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்காகவும் அவர்களின் தாத்தா பாட்டிகளுக்காகவும் நாங்கள் ஏற்பாடு செய்த 'தி டிஷ்' திரையிடல் மனநிறைவோடு நடந்தேறியது. ராப் சிட்ச் இயக்கத்தில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த இந்த ஆஸ்திரேலிய நகைச்சுவைப் படம், 1969 ஜூலையில் அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய நாள்களில், நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியிலுள்ள பார்க்ஸ் என்னும் சிற்றூர், ஆட்டு மேய்ச்சல் நிலங்களின் நடுவே நிற்கும் 64 மீட்டர் விட்டத் தட்டு ('டிஷ்') கொண்ட ரேடியோ தொலைநோக்கியால் நிலவிலிருந்து வந்த காட்சிகளைப் பெற்று அந்தப் பயணத்துக்குக் கைகொடுத்த கதையைச் சொல்கிறது. உதவியவர்களைப் போற்றும் படத்தைக் காட்டிவிட்டு, அதைக் காட்ட எங்களுக்கு உதவியவர்களைச் சொல்லாமல் விடுவது முறையன்று. பெயர் வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால், நீங்கள் செய்த பணியைச் சொல்லியே நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி, பார்க்ஸிலிருந்து வந்து பிள்ளைகளோடு அமர்ந்து படம் பார்த்த அம்மையாருக்கு. படத்தில் சூறைக்காற்று வீசும் இடம் வந்தபோது, விறுவிறுப்புக்காகச் சேர்த்தது என்றே பிள்ளைகள் எண்ணினர். அது உண்மையில் நடந்தது என்பதை நீங்கள் எடுத்துச் சொன்ன விதம் எங்கள் எல்லோரையும் கட்டிப்போட்டது. நிலா எழுவதற்காகத் தொலைநோக்கியின் தட்டை அதன் தாழ்ந்த எல்லைவரை சாய்த்துக் காத்திருந்த வேளையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்து மோதியதையும், கட்டுப்பாட்டு அறையே அதிர்ந்ததையும், பாதுகாப்பு வரம்பை மீறிய காற்றிலும் தொலைநோக்கி நிலையத்தின் அன்றைய இயக்குநர் ஜான் போல்டனும் அவருடைய குழுவினரும் பணியைக் கைவிடாமல் நின்றதையும் கேட்ட பிறகு, அந்தக் காட்சியை மறுபடி போடச் சொல்லிப் பிள்ளைகள் பார்த்தார்கள். மின்சாரம் நின்று விண்கலத்தின் தடமே தொலைந்துபோகும் பகுதி மட்டும் கற்பனை என்று நீங்கள் பிரித்துக் காட்டியதும் பேருதவி. படத்தின்மீது அன்பு வைத்திருப்பவர் இப்படிச் சொல்வதில்தான் அதற்கு மதிப்பு.

அடுத்து, தொலைபேசித் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயாவுக்கு எங்கள் வணக்கம். பார்க்ஸை மட்டுமே நினைத்துக்கொண்டு கலைந்துவிடக் கூடாது என்று அன்போடு வற்புறுத்தி, கான்பெராவுக்கு அருகிலிருந்த ஹனிசக்கிள் கிரீக் நிலையத்தின் 26 மீட்டர் தட்டைப் பற்றி நீங்கள் பேசினீர்கள். ஆம்ஸ்ட்ராங் முதல் அடி வைத்ததை உலகுக்குக் காட்டியது அந்த நிலையம்தான் என்பதும், ஒளிபரப்பு தொடங்கி ஏறத்தாழ ஒன்பது நிமிடம் கழித்தே பார்க்ஸின் தெளிவான படத்துக்கு நாசா மாறி, இரண்டரை மணிநேர ஒளிபரப்பின் இறுதிவரை அதிலேயே நிலைத்தது என்பதும் எங்களில் பலருக்குப் புதிய செய்தி. நிலவிலிருந்து நொடிக்குப் பத்துப் படங்களாக வந்த காட்சியைச் சிட்னியில் வழக்கமான தொலைக்காட்சி முறைக்கு மாற்றி, மோரீ செயற்கைக்கோள் நிலையம் வழியாகப் பசிபிக்கைக் கடந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள் என்று நீங்கள் வெள்ளைப் பலகையில் கோடு கோடாக வரைந்து காட்டினீர்கள். ஏறத்தாழ 60 கோடிப் பேர் பார்த்ததாகச் சொல்லப்படும் அந்த ஒளிபரப்பின் பின்னால், மைக்ரோவேவ் கோபுரங்களிலும் இணைப்பகங்களிலும் கண்விழித்து இருந்த தொழில்நுட்பப் பணியாளர்கள் எத்தனையோ பேர். ஒரு படத்துக்குள் அவர்கள் எல்லோரையும் அடக்க முடியாது என்பது எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த மடலிலாவது அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று விரும்புகிறோம். நீங்கள் வந்திராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரிந்திராது.

பார்க்ஸ் தொலைநோக்கிக்கு 2020இல் அப்பகுதியின் ஆதிக்குடியினரான விராஜுரி மக்களின் மூத்தோர் 'முரியாங்' என்று பெயர் சூட்டியதை நினைவூட்டி, அந்த மண்ணின் முதல் மக்களுக்கு வணக்கம் செலுத்தி நிகழ்ச்சியைத் தொடங்கச் சொன்ன ஆசிரியைக்கும் நன்றி.

ஆங்கிலம் அறியாத பெரியவர்களின் அருகில் அமர்ந்து, வசனங்களைத் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்த கல்லூரி மாணவியரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். நகைச்சுவையை மொழிபெயர்ப்பது எளிதன்று. அமெரிக்கத் தூதரை வரவேற்கும் இடத்தில், நாட்டுப்பண் என்று எண்ணி உள்ளூர் இசைக்குழு ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையை வாசிக்கும்போது, பாட்டிமார் பிள்ளைகளோடு சேர்ந்து அதே நொடியில் சிரித்தார்கள் என்றால் அது உங்கள் திறமை. ராய் பில்லிங் நடித்த நகரத் தலைவரின் பெருமிதமும் பதற்றமும், சாம் நீல் நடித்த நிலையத் தலைவரின் அடக்கமும் அவர்களுக்கு நன்றாகவே போய்ச் சேர்ந்தன. ஊர்க்காரர்களின் வெள்ளந்தித்தனத்தைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆயினும் அவர்களை ஒரு கணமும் தாழ்த்தாத படம் இது. அந்த மரியாதையை நீங்கள் மொழிபெயர்ப்பிலும் காப்பாற்றினீர்கள்.

அரங்கை வாடகையின்றித் தந்த நூலகத்தாருக்கும், புரொஜெக்டரும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்து இறுதிவரை உடனிருந்த தம்பிகளுக்கும், தேநீரும் சுண்டலும் தந்து உபசரித்த குடும்பங்களுக்கும், நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுக் கடைசியாக வீடு திரும்பியோருக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி. ஐயா வெள்ளைப் பலகையில் வரைந்த படத்தைப் பெரிய தாளில் எழுதி வைத்திருக்கிறோம். தமிழ் வகுப்புகளில் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்கள் எங்களிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
திரையிடல் ஏற்பாட்டுக் குழுவினர்
சிட்னி