பெயர் வராத இடத்தில் வேலை பார்ப்பவர்கள்: கட்சிகளின் வேட்பாளர் தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மக்கள் பிரதிநிதிகளின் அலுவலகங்களில் உதவியாளர்களாக இருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறோம். அவைக்கான கேள்வியை எழுதுவது, வந்த பதிலில் எந்தக் கணக்கு விடுபட்டிருக்கிறது என்று பிடிப்பது, உடனே துணைக்கேள்வி தயார் செய்வது, மசோதாவின் எந்த உட்பிரிவில் திருத்தம் கொடுத்தால் எடுபடும் என்று சொல்வது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் வேலைதான். எந்த மனு எந்த மேசையில் தேங்கும் என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. புதிதாக அமைச்சராகிறவர்கள் மாதக்கணக்கில் தடுமாறிக் கற்பது இதைத்தான்.

ஆனால் பட்டியல் தயாராகும்போது, “இவரை யாருக்குத் தெரியும்?” என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். எழுதியதெல்லாம் இன்னொருவர் பெயரில் வெளியானால் எப்படித் தெரியும்?

ஜூலியா கில்லார்ட் 1996-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு நின்றபோது, தொழிற்கட்சியின் விக்டோரியா மாநில வேட்பாளர் பட்டியலில் அவருக்கு மூன்றாம் இடம். தோற்றார். அடுத்து அம்மாநில எதிர்க்கட்சித் தலைவரின் அலுவலகத்தை நிர்வகித்தார். 1998-இல் கட்சிக்குச் செல்வாக்குள்ள லேலர் தொகுதி கிடைத்ததும் வென்றார். 2007-இல் துணைப் பிரதமர், 2010-இல் பிரதமர். நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க்கின் அலுவலகத்தில் பணியாற்றிய ஜெசிண்டா ஆர்டன் 2008-இல் வைகாட்டோ தொகுதியில் தோற்றும், கட்சி பெறும் வாக்கு விகிதத்துக்கேற்ப உறுப்பினர்களை அனுப்பும் கட்சிப் பட்டியலில் 20-ஆம் இடம் இருந்ததால் நாடாளுமன்றம் போனார். 2017-இல் பிரதமரானார்.

ஆகவே எந்தத் தொகுதியில், பட்டியலில் எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்பதே பெரிய கேள்வி. ஆஸ்திரேலியத் தொழிற்கட்சி 1994-இல் விதி வகுத்தபோது, 2002-க்குள் ‘வெல்லக்கூடிய’ தொகுதிகளில் 35 சதவீதம் பெண்களுக்கு என்றது. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால், எப்படியும் தோற்கும் தொகுதிகளைப் பெண்களுக்குத் தள்ளிவிட்டுக் கணக்குக் காட்டிவிடலாம். அப்படித் தோற்றவரையே அடுத்த முறை ‘வெல்லத் தெரியாதவர்’ என்று கழித்தும் விடலாம். இந்த அநியாயம் நிற்க வேண்டும்.

தேர்தலுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே தொகுதியைச் சொல்லிவிடுங்கள். கிளைக் கூட்டங்களும் வாக்குச்சாவடி முகவர்களும் பழகுவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கும். விண்ணப்பத்தை உதவியாளரிடமே நேரடியாக வாங்குங்கள். இப்போதோ, அவர் யாரிடம் வேலை பார்க்கிறாரோ அந்த உறுப்பினரின் பரிந்துரை இல்லாமல் எதுவும் நகர்வதில்லை. நல்ல உதவியாளரை இழக்க அந்த உறுப்பினருக்கும் மனம் வராது, நாளைக்குத் தனக்கே போட்டியாவாரோ என்ற பயமும் இருக்கும். ஆய்வுக் குறிப்புகளில், குழு அறிக்கைகளில் எழுதியவர் பெயரையும் போடுங்கள்.

பணம் இன்னொரு தடை. அரசுச் சம்பளத்தில் இருப்பவர் பல நாடுகளில் வேட்புமனுவுக்கு முன்பே பதவி விலகியாக வேண்டும். ராஜினாமா ஏற்கப்பட்ட ஆணை கையில் இல்லாமல் மனு போட்டால், பரிசீலனையில் தள்ளுபடியாகலாம், வென்ற பிறகு வழக்கும் வரலாம். முன்கூட்டியே விலகினாலோ முடிவு வரும்வரை வருமானம் இல்லை. சேமிப்போ சொத்தோ உள்ள குடும்பத்துப் பெண் மட்டுமே அதைத் தாங்குவார். அந்த மாதங்களுக்கான ஊதியத்தைக் கட்சி நிதியிலிருந்து கொடுங்கள். வேட்பாளர் அறிவிப்போடு அதற்கான உத்தரவும் வரட்டும்.