அடுத்த தொடரை எங்கள் கடற்கரையில் எடுக்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தொலைக்காட்சி வரலாற்றுத் தொடர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1988இல் ஷியாம் பெனகல் எடுத்த 53 பகுதி ‘பாரத் ஏக் கோஜ்’ முதல் 2022 ஆகஸ்டில் தொடங்கிய 75 பகுதி ‘ஸ்வராஜ்’ வரை தூர்தர்ஷன் செய்த வேலையைக் கட்டுரையாளர் பாராட்டியிருக்கிறார். பாராட்ட வேண்டியதுதான். பெனகல் தொடரில் சங்க காலத்துக்கும் சோழர்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. இன்றைக்கு எந்தத் தனியார் சேனல் அதற்குக் காசு போடும்?

ஆனால் இரண்டுமே இந்தியில் எடுக்கப்பட்டவை. ‘ஸ்வராஜ்’ தமிழ்க் குரலோடும் வந்தது, சரி. வாஸ்கோ ட காமா வந்ததிலிருந்து ஆரம்பித்து நாடு முழுவதையும் சுற்றி வருகிறவர்கள் ஓர் ஊரில் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? கடலூர், புதுச்சேரி கடற்கரைக்கென்றே ஒரு சீசனை டிடி தமிழ் எடுக்க வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்கிறேன். பத்துப் பகுதி போதும்.

சரக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1690இல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரை! அப்படியே சுட்டு, எல்லைக்குள் வந்த ஊர்களையெல்லாம் வளைத்துக்கொண்டார்கள். கடலூரும் அதில் அடக்கம். ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயரே உண்டு. முதல் பகுதிக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எந்தக் கதாசிரியருக்கு வாய்க்கும்? 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், 1752 வரை இந்தக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே இந்தக் கோட்டைதான். ஞாயிற்றுக்கிழமை அந்த தேவனாம்பட்டினத்து சில்வர் பீச்சில் சுண்டல் வாங்குகிற கூட்டத்தில் பத்துப் பேருக்காவது இது தெரிந்திருக்குமா?

1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. ஆங்கிலேயர் பதிலுக்கு அந்த நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிற இரண்டு ஊர்கள், ஐரோப்பாவில் யாரோ போட்ட சண்டைக்கு மாறி மாறி இடிபட்ட கதை இது. ஒரு பகுதிக்குள் அடங்காது.

இதையெல்லாம் தமிழில் உட்கார்ந்து எழுதி வைத்த ஒருவரும் நமக்கு இருக்கிறார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துணி வியாபாரம், ஊர் வம்பு, யார் யாருக்கு எவ்வளவு வெகுமதி, எதையும் விடவில்லை. 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும் அவர் எழுதியிருக்கிறார். தொடர் எடுப்பவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. கீழே தேக்குத் தூண்களும் மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்களுமாக அவர் கட்டிய மாளிகை புதுச்சேரியில் இன்னும் நிற்கிறது. கேமராவை வைக்க வேண்டியது அங்கேதான். செட் போட்டு, நடிகருக்கு ஒட்டு மீசை வைத்து, கையில் வாளைக் கொடுத்து, பின்னணியில் மத்தளம் அடிக்க வேண்டாம். நாடகம் பார்க்க எங்களுக்கு வேறு சேனல்கள் நிறைய இருக்கின்றன. அந்தத் தாளைக் காட்டுங்கள், அதில் எழுதியிருப்பதை நிதானமாக வாசியுங்கள், போதும்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியார் கைதாகிக் கடலூர் சிறையில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். கடலூர் முதுநகரில் பிறந்து, சென்னையில் இருந்த ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய 1927 போராட்டத்தில் மகளோடு சிறை சென்ற அஞ்சலை அம்மாளுக்குத்தான் இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும்.

அவசரம் எங்கே என்றால், பிந்தைய காலத்தில். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அதை நேரில் பார்த்தவர்கள் இனி கிடைப்பது கஷ்டம். ஆனால் 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியை அடுத்த கீழூரில் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளின் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்ததையும், நவம்பர் 1இல் கொடி மாறியதையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எண்பதைத் தாண்டிவிட்டது. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் பக்கம் போனால் திண்ணையில் உட்கார்ந்தே சொல்வார்கள்: வயல் ஒரு அரசாங்கத்தில், வீடு இன்னொரு அரசாங்கத்தில் என்று இருந்த காலம், சுங்கச் சாவடி, அதைச் சுற்றிப் போன கடத்தல், அப்புறம் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன். ஆவணக் காப்பகத்துக் காகிதம் பத்து வருடம் காத்திருக்கும். இவர்கள் காத்திருக்க மாட்டார்கள். தொடருக்கு அனுமதி வர நாளாகும் என்றால், முதலில் இவர்கள் பேச்சையாவது பதிவு செய்து வைக்கட்டும். புதுச்சேரியிலேயே தூர்தர்ஷன் நிலையமும் வானொலி நிலையமும் இருக்கின்றன; டெல்லியிலிருந்து ஆள் வரத் தேவையில்லை.

இன்னொன்று, ஒளிபரப்பு நேரம். நல்ல நிகழ்ச்சியை மதியம் இரண்டு மணிக்குப் போட்டுவிட்டு யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டாம். ஞாயிறு இரவு ஒன்பது மணி தரட்டும், மறுநாளே யூடியூபிலும் ஏற்றட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.