குறை சொன்னவர விட்டுட்டு குறைய பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல அச்சு வேலைக்கு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், அதாவது கோட் எல்லாருக்கும் திறந்து கிடக்குற, யார் வேணா மாத்திக்கலாங்கற சாஃப்ட்வேர், சரிப்பட்டு வராதுன்னு ஒரு கட்டுரை வந்துச்சு, அதுக்கு வந்த பதில் கடிதங்கள புதன்கிழமை போட்டிருந்தீங்க. கட்டுரைய படிச்சப்ப எனக்கு கோவம் வரல, அந்த பதில்கள படிச்சப்பதான் வந்துச்சு. எழுதினவர் பெரிய கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டாருன்னு ஒருத்தர், ஒண்ணும் தெரியாதவங்கல்லாம் எழுத வந்துட்டாங்கன்னு ஒருத்தர், சும்மா கிடைக்கிறத குறை சொல்றது நன்றி கெட்ட வேலைன்னு இன்னொருத்தர். சரி, அவர் சொன்ன குறை உண்மையா இல்லையா? அத ஒருத்தர் கூட சொல்லல.

நான் காரைக்குடில டிடிபி கடை, அதாவது கம்ப்யூட்டர்ல பக்கம் அமைச்சு அச்சுக்கு குடுக்குற கடை வச்சிருக்கேன். கல்யாண பத்திரிகை, சஷ்டியப்த பூர்த்தி பத்திரிகை, கொப்புடையம்மன் கோயில் செவ்வாய் திருவிழா நோட்டீஸ்னு எல்லாமே பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ், படம் வரைய இன்க்ஸ்கேப், ஃபோட்டோ திருத்த கிம்ப்னு ஓப்பன் சோர்ஸ்ல தான் பண்றேன், எனக்கு சோறு போடுறதே இந்த சாஃப்ட்வேர் தான், அதனால தான் இவ்வளவு அக்கறையா எழுதுறேன்.

ஸ்கிரைபஸ்ல தமிழ் எழுத்து உடையுதுன்னு அவர் எழுதியிருந்தார். பழைய 1.4 வரிசைல அது நூத்துக்கு நூறு உண்மைங்க. கொம்பு எழுத்துக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நிக்கும், செட்டிநாடுன்னு அடிச்சா ஊர் பேரோட முதல் எழுத்தே தப்பா வரும். 2017-ல வந்த 1.5.3-ல எழுத்த அடுக்குற எஞ்சினையே புதுசா எழுதி இத சரி பண்ணாங்க, ஆனா 1.5-ங்கறது டெவலப்பர்கள் சோதிச்சு பாக்குற வரிசை, பொதுமக்களுக்கான ஸ்டேபிள் வெர்ஷன் 1.6 வந்தது 2024 ஜனவரில தான். அப்ப நடுவுல இத்தன வருஷமா ஓப்பன் சோர்ஸ் ஆளுங்க எங்கள நம்பி ஸ்டேபிள எறக்கின எவருக்கும் தமிழ் உடைஞ்சு தான் தெரிஞ்சிருக்கும். அவர் பொய் சொல்லல, பழசுல பாத்துட்டு எழுதிட்டார். இத ரெண்டு வரில மரியாதையா சொல்லிருந்தா படிக்கிற எல்லாருக்கும் உபயோகமா இருந்திருக்கும்.

கிம்ப்ல அச்சு மைக்கான கலர் முறையான சிஎம்ஒய்கே சரியில்லன்னு அவர் எழுதினதும் நெசம் தான். 2025 மார்ச்ல 3.0 வந்துருச்சு, நெறைய முன்னேறியிருக்கு, ஆனா இன்னமும் முழுசா சிஎம்ஒய்கே மோட்லயே உக்காந்து எடிட் பண்ண முடியாது. நான் படத்த ஸ்கிரீனுக்கான கலர் முறையான ஆர்ஜிபில முடிச்சுட்டு ஸ்கிரைபஸ்ல பிடிஎஃப் எடுக்கிறப்ப கலர மாத்திக்கிறேன். வேலை நடக்குது, ஆனா அது சுத்து வழி, அத இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வராது.

ஓப்பன் சோர்ஸ் பக்கம் பேசுற நம்ம ஆளுங்க ஒரு பழைய கதைய தெரிஞ்சுக்கணும். 1999 ஏப்ரல்ல மைண்ட்கிராஃப்ட்னு ஒரு கம்பெனி, ஃபைல் சர்வரா மைக்ரோசாஃப்டோட விண்டோஸ் என்டி, ஓப்பன் சோர்ஸான லினக்ஸ விட 2.5 மடங்கு வேகம், வெப் சர்வரா 3.7 மடங்கு வேகம்னு ஒரு ரிப்போர்ட் விட்டாங்க. அதுக்கு காசு குடுத்தது மைக்ரோசாஃப்ட். கேக்கணுமா, லினக்ஸ் ஆளுங்க கொதிச்சு போயிட்டாங்க, லினக்ஸ சரியா செட் பண்ணாம டெஸ்ட் பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்க, அதுல நியாயமும் இருந்துச்சு. ஆனா லினக்ஸ் பக்கத்து ஆளுங்களையும் வச்சுகிட்டு திரும்ப டெஸ்ட் பண்ணப்பவும் என்டி தான் ஜெயிச்சுச்சு. அதுக்கப்புறம் நடந்தது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல எழுதுறவங்க ஏன் தோத்தோம்னு உள்ள போய் பாத்தாங்க. அந்த மெஷின்ல நாலு ப்ராசசர், நாலு நெட்வொர்க் கார்டு, ஆனா நெட்வொர்க் வேலைக்கு ஒரே பூட்டு, ஒரு ப்ராசசர் உள்ள போனா மத்த மூணும் வெளில காத்து நிக்கணும். ஒரே ஒரு கனெக்ஷன் வந்தா தூங்கிட்டு இருக்கிற அத்தனை ப்ராசஸும், அதாவது உள்ள ஓடுற புரோகிராம் எல்லாம், எந்திரிச்சு ஓடி வரும், ஒண்ணுக்கு தான் வேலை கிடைக்கும், மத்ததெல்லாம் திரும்பி போய் படுக்கணும். இதெல்லாம் சரி பண்ணி 2001 ஜனவரில 2.4 கெர்னல் வந்துச்சு. காசு வாங்கிட்டு செஞ்ச டெஸ்ட் தாங்க, இருந்தாலும் அது காட்டின ஓட்டை நெசமான ஓட்டை! டெஸ்ட் பண்ணவன திட்டுறதோட நிறுத்தியிருந்தா அந்த பூட்டு இன்னும் கொஞ்ச காலம் அங்கயே தொங்கிருக்கும்.

3டி படம் பண்ற பிளெண்டரும் அப்படித்தான், ரைட் கிளிக்ல செலக்ட் ஆகுறது குழப்பமா இருக்குன்னு புதுசா வர்றவங்க வருஷ கணக்கா பொலம்பினாங்க, பழகினவங்க இதுதான் சரின்னு சண்டை போட்டாங்க, 2019 ஜூலைல வந்த 2.80-ல லெஃப்ட் கிளிக்க டீஃபால்டா வச்சுட்டு பழைய வழியையும் செட்டிங்ல விட்டு வச்சாங்க.

கோட் எழுதுறவங்களுக்கு மனசு வலிக்கும், அது எனக்கு புரியாம இல்ல. ராத்திரி கண்ணு முழிச்சு சம்பளம் இல்லாம எழுதின கோட, அர மணி நேரம் தொட்டு பாத்துட்டு குப்பைன்னு எழுதினா யாருக்கு தான் வலிக்காது. ஆனா பத்திரிகைல வர்ற கெட்ட செய்தி சில நேரம் அவங்களுக்கே கை குடுத்திருக்கு. 2014 ஏப்ரல்ல இன்டர்நெட்ல போற தகவல பூட்டி அனுப்புற ஓப்பன்எஸ்எஸ்எல்-ல ஹார்ட்பிளீட்ங்கற பாதுகாப்பு ஓட்டை வெளில வந்தப்ப உலகம் பூரா பேப்பர்ல கிழிச்சாங்க, அப்பதான் இன்டர்நெட்ல நெறைய சர்வருங்க அத நம்பி ஓடிட்டு இருந்தும் அந்த ப்ராஜெக்டுக்கு வருஷத்துக்கு சுமார் 2000 டாலர் தான் நன்கொடை வருதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு, உடனே லினக்ஸ் ஃபவுண்டேஷன் மூலமா பெரிய கம்பெனிங்க பணம் போட்டாங்க. யாருமே எழுதாம இருந்திருந்தா அந்த பணம் வந்திருக்குமா?

எங்க ஊர் கம்பன் விழா பட்டிமண்டபத்துல எதிரணி பேசினத முதல்ல திருப்பி சொல்லிட்டு, அதுல ஒத்துக்க வேண்டியத ஒத்துகிட்டு தான் அடுத்தவர் தன் கட்சிய ஆரம்பிப்பார், அப்படி பேசுறவருக்கு தான் கைதட்டலும் விழும். ஓப்பன் சோர்ஸ் ஆளுங்களுக்கும் அந்த பழக்கம் வேணும். என்ன வெர்ஷன், என்ன ஃபான்ட், எந்த ஃபைல்ல உடைஞ்சுச்சுன்னு எழுதினவர்கிட்டயே கேட்டு வாங்கி, இன்னும் உடையுதுன்னா டெவலப்பர்களுக்கு குறைய எழுதி பக் ரிப்போர்ட் போடணும், உடையலன்னா ஸ்கிரீன்ஷாட்டோட பேப்பருக்கு எழுதணும். வேற ஒண்ணும் வேண்டாம்.

ஐயா உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள். சாஃப்ட்வேர் விமர்சனம் போடுறப்ப வெர்ஷன் நம்பர கட்டாயம் போடுங்க, அது இல்லாம படிக்கிறவங்களுக்கு குறை இன்னும் இருக்கா போச்சான்னே தெரியாது. ஸ்கிரைபஸ் 1.6-ல தமிழ் எழுத்து சரியா வருதுன்னு ஒரு திருத்தம் போடுங்க, என் கடைல அடிச்ச பத்திரிகை மாதிரி ஒண்ண இதோட வச்சிருக்கேன், பாத்துக்கங்க. கிம்ப் பத்தி அவர் எழுதினத மாத்த வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரர்,
காரைக்குடி