தோப்பை விற்க வேண்டாம், ஆறு சம்பளச் சீட்டு போதும்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஆடி 18

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசும்போது ஒன்று அப்பா பக்கத்தில் இருக்கிறார், இல்லையென்றால் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. மாப்பிள்ளையை நீ பிரிட்டனுக்கு அழைத்துக்கொள்கிற விசா விஷயத்தைப் பாதியில் பேசிப் பாதியில் விடக் கூடாது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். முடிவை முதலிலேயே சொல்கிறேன். தோப்பை விற்க வேண்டாம். விண்ணப்பிக்க அக்டோபர் வரை பொறுத்துக்கொள்.

பண்ருட்டிப் பக்கம் இருக்கிற முந்திரித் தோப்புக்கு அப்பா விலை பேச ஆரம்பித்துவிட்டார். "பொண்ணு அங்க தனியா, மாப்பிள்ளை இங்க தனியா, நமக்கு எதுக்குத் தோப்பு" என்கிறார். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து ஓய்ந்தபோது அதில் ஒரு மரம்கூட நிற்கவில்லை. உனக்கே தெரியும். அப்புறம் கன்று வாங்கி நட்டு, வேலிக்கு முள் வெட்டி, வெயில் காலத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அவர் வளர்த்தது இப்போதுதான் நன்றாகக் காய்க்கிறது. அதையும் உனக்காகக் கொடுக்கத் துணிந்துவிட்டார். அந்த மனசை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொடுத்தாலும் உனக்கு உதவாது.

பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கியவர், கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். 2012 முதல் 18,600 ஆக இருந்ததை 2024 ஏப்ரல் 11 முதல் ஏற்றிவிட்டார்கள். 38,700 வரை கொண்டுபோவதாக அறிவித்திருந்தார்கள், நல்லவேளை அது நின்றுபோனது. சம்பளமே காட்டாமல் சேமிப்பை மட்டும் வைத்து விண்ணப்பிப்பதென்றால் 88,500 பவுண்டு வேண்டும். முதல் 16,000 பவுண்டைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். அதற்கு மேல் 29,000 போல இரண்டரை மடங்கு. நம் பணத்தில் ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய். தோப்பு அவ்வளவுக்குப் போகாது. போனாலும் அந்தப் பணம் உன் பேரிலோ மாப்பிள்ளை பேரிலோ ஆறு மாதம் கிடந்திருக்க வேண்டும். இன்றைக்கே பத்திரம் முடித்தாலும் தை, மாசி ஆகிவிடும். உன் சம்பளமோ செப்டம்பரோடு ஆறு மாதம் நிறைந்துவிடுகிறது. சீக்கிரம் நடக்க வேண்டும் என்று விற்றால் இன்னும் தாமதம்தான் ஆகும். இதை நேற்று அப்பாவுக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சம்பளம்தான் போதுமான அளவு வருகிறதே, இப்போதே விண்ணப்பித்தால் என்ன என்று கேட்டாய். ஒரே இடத்தில் ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால் அந்த ஆறு மாதத்தை மட்டும் பார்ப்பார்கள். அதற்குள் இடம் மாறியிருந்தால் கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் கைக்கு வந்த மொத்தத்தையும் பார்ப்பார்கள். நீ ஏப்ரலில் ஆஸ்பத்திரி மாறினாய். ரெண்டுமே என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவச் சேவைதான் என்றாலும், நடத்துகிற டிரஸ்ட் வேறு, சம்பளம் போடுகிறவர் வேறு. கல்யாணத்துக்கு வந்தபோது சம்பளமில்லாத விடுப்பு போட்டாய், அதனால் பன்னிரண்டு மாதக் கணக்கு இடிக்கிறது. அக்டோபரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

அதுவரை ஒரு காரியம் மட்டும் செய்யாதே. வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு அந்தப் படிப்பில் சேரட்டுமா என்று கேட்டாயே, அது இப்போது வேண்டாம். ஆறு மாதத்தில் சம்பளம் எந்த மாதம் குறைவாக இருந்ததோ அந்த அளவை வைத்துத்தான் ஆண்டு வருமானம் கணக்கிடுகிறார்கள், சராசரி பார்ப்பதில்லை. படிப்பு எங்கேயும் போகாது.

எதிர்வீட்டுப் பெண் போய் ஒரு வருஷத்துக்குள் புருஷனை அழைத்துக்கொண்டாள், நம்ம பெண்ணுக்கு மட்டும் ஏன் இழுக்கிறது என்று சம்பந்தியம்மா கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. அந்தப் பெண் இன்னும் வேலை விசாவில் இருக்கிறாள். அவள் கணவர் அதைச் சார்ந்த விசாவில் போனார். அதற்கு 29,000 கணக்கு கிடையாது, 285 பவுண்டு 28 நாள் கையில் இருந்ததென்று காட்டினாலே போதும். நீ ஐந்து வருஷம் உழைத்து நிரந்தர அனுமதி வாங்கிவிட்டதால் உனக்கு விதி மாறுகிறது. முன்னுக்கு வந்தவளுக்குத்தான் கூடுதல் பாரம். எனக்கும் இது நியாயமாகப் படவில்லை. ஆனால் விதி அதுதான்.

மாப்பிள்ளை போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, அப்பா உள்ளே போனதும், "அத்தை, சிப்காட்ல பத்து வருஷமா வேலை பார்க்கிறேன், என் சம்பளத்துக்கு அங்க மதிப்பே இல்லையா" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அவர் நண்பர்கள் யாரோ "பொண்டாட்டி ஸ்பான்சர்ல போறவன்" என்று பேசியிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. நான் சொன்னேன்: இங்கே வாங்குகிற சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் நீங்கள் அங்கே போகப்போகிறீர்கள், அதனால் அதைச் சேர்ப்பதில்லை. விசா கிடைத்துப் போன நாளிலிருந்தே நீங்கள் வேலை பார்க்கலாம். 33 மாதம் கழித்துப் புதுப்பிக்கும்போது அங்கே நீங்கள் வாங்குகிற சம்பளத்தையும் அவள் சம்பளத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்கள் என்று. முகம் கொஞ்சம் தெளிந்தது. நீயும் அவரிடம் இதைப் பேசு. என் பணம், என் விசா என்ற தொனி மட்டும் தவறிக்கூட வந்துவிடக் கூடாது கண்ணு. அவர் மானமுள்ள பிள்ளை.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர், கணக்கில் பணம் போட்டுக் காட்டிவிட்டு எடுத்துக்கொள்கிறோம், வட்டி மட்டும் கொடுத்தால் போதும் என்று ஆசை காட்டியிருக்கிறார். வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவள் நான். ஒரு கணக்கில் திடீரென்று பெரிய தொகை விழுவதும், மறுநாளே இருப்புச் சான்று கேட்டு வருவதும், வாரம் முடிவதற்குள் பணம் வெளியே போவதும் எங்கள் கண்ணுக்கே தப்பாது. விசா கோப்பைப் பார்க்கிறவர்களுக்கு அதுதான் தொழில். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்ன சொல்வாய்? மறுத்தால் கட்டிய கட்டணம் போகும், பொய்த் தாள் வைத்தார்கள் என்று எழுதிவிட்டால் அடுத்த விண்ணப்பத்திலும் அந்தப் பதிவு வந்து நிற்கும். யார் வந்து எவ்வளவு நல்லவிதமாகப் பேசினாலும் இதற்கு மட்டும் தலையாட்டாதே.

இனித் தாள்கள். ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அதே ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டும். சீட்டில் பிடித்தம் போக என்ன தொகையோ அதே தொகை, பென்னி மாறாமல், அறிக்கையில் வரவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் அந்த வரவு வரியைப் பென்சிலால் கோடிட்டு நீயே ஒருமுறை சரிபார். ஜூனில் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றினாய் அல்லவா, அப்படியானால் ரெண்டு வங்கி அறிக்கையும் வேண்டும். பழைய கணக்கை மூடுவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள். கடிதத்தில் உன் வேலை என்ன, ஆண்டுச் சம்பளம் எவ்வளவு, எப்போதிலிருந்து வேலை பார்க்கிறாய், இந்தச் சம்பளம் எப்போதிலிருந்து, வேலை நிரந்தரமா என்ற எல்லாம் வர வேண்டும். 'எங்களிடம் பணிபுரிகிறார்' என்று ரெண்டு வரியில் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. கடைசி மாதச் சீட்டும் அறிக்கையும் விண்ணப்பிக்கிற தேதிக்கு 28 நாளுக்குள் இருக்க வேண்டும், ஆகவே செப்டம்பர் சம்பளம் விழுந்ததும் நாளைக் கடத்தாதே.

வீடு விஷயமும் பார். மற்ற நர்ஸ் பெண்களோடு சேர்ந்து இருக்கிறாய். உங்கள் இருவருக்கும் மட்டுமென்று ஒரு அறையாவது இருக்க வேண்டும், வீட்டுக்காரர் சம்மதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே மாப்பிள்ளையின் ஆங்கிலத் தேர்வுக்கும், சென்னையில் டிபி பரிசோதனைக்கும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். டிபி சான்று ஆறு மாதம்தான் செல்லும் என்பதால் புரட்டாசியில் அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய திருமணச் சான்றை எடுத்துப் பார்த்தேன். அதில் மாப்பிள்ளைக்கு இனிஷியல் மட்டும் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. நம் ஊரில் இது சாதாரணம், அங்கே பார்க்கிறவருக்கு ரெண்டு ஆளாகத் தெரியலாம். விண்ணப்பத்தோடு வைக்கிற கடிதத்தில் ஒரு வரி விளக்கம் எழுதிவிடு. பாடலீஸ்வரர் கோயிலில் எடுத்த கல்யாணப் படங்களில் இருவீட்டாரும் சேர்ந்து நிற்பதாகப் பார்த்துத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

மருத்துவக் கட்டணம் என்று வருஷத்துக்கு 1,035 பவுண்டு, 33 மாதத்தை மூன்று வருஷமாக எடுத்து மொத்தம் 3,105 பவுண்டு முன்னாலேயே கட்ட வேண்டும். இதை நாங்கள் கட்டுகிறோம். நாங்கள் கொடுக்கிற பணம் உன் வருமானக் கணக்கில் சேராது, ஆனால் கட்டணத்தை யார் கட்டினாலும் ஒன்றுதான். இந்த வருஷம் முந்திரி விற்ற பணம் இருக்கிறது, அப்பாவுக்கும் உனக்கு ஏதோ செய்தோம் என்று ஆகும். வேண்டாம் என்று சொல்லி அவர் மனசை நோகடிக்காதே.

இரவு டியூட்டி முடிந்து வந்தால் ஒரு வாய் சாதமாவது சாப்பிட்டுவிட்டுப் படு. மாப்பிள்ளையிடம் தினமும் பேசு, விசா பேச்சு இல்லாமலும் பேசு. ஆஸ்பத்திரிக் கடிதத்துக்கு இந்த மாதமே சொல்லி வைத்துவிடு, மாதிரி கொடுத்தார்களானால் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பு. நான் வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா