வாயிற்கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா? தேசியப் பூங்காக்களின் ஆட்குறைப்பைக் கைவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
கலிஃபோர்னியாவில் வாழும், தமிழ் பேசும் அமெரிக்கக் குடிமக்கள்

பெறுநர்:
மாண்புமிகு உள்துறைச் செயலர் அவர்கள்,
அமெரிக்க உள்துறை (தேசியப் பூங்காக்களையும் பொது நிலங்களையும் நிர்வகிக்கும் துறை), வாஷிங்டன் டி.சி.

நாள்: 25.08.2025

பொருள்: தேசியப் பூங்காக்கள், பொது நிலங்கள் ஆகியவற்றின் பணியிடங்களையும் நிதியையும் குறைக்கும் முடிவைக் கைவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தேசியப் பூங்காப் பணித்துறையை உருவாக்கிய சட்டத்தில் அதிபர் உட்ரோ வில்சன் கையெழுத்திட்டு இன்றோடு 109 ஆண்டுகள் ஆகின்றன. இந்த இடங்களை மக்கள் கண்டு மகிழவேண்டும், அதே சமயம் அடுத்த தலைமுறைக்குச் சிதையாமல் சேர்க்கவும் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இரண்டையும் செய்ய ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களைப் பற்றியதுதான் இந்த மனு.

கடந்த பிப்ரவரி 14 அன்று பூங்காப் பணித்துறையில் சுமார் 1,000 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்கள் என்பது காரணம். கேட்பதற்கு நேற்று வந்த பயிற்சியாளர்கள் போலத் தோன்றும். உண்மையில், ஆண்டுக்கணக்கில் பருவகாலப் பணி பார்த்துவிட்டு அப்போதுதான் நிரந்தர இடத்துக்கு வந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். எங்கள் மாநிலத்தின் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் ஒரே பூட்டுத் தொழிலாளியும் அதில் ஒருவர். சுமார் ஏழரை லட்சம் ஏக்கர் பரப்பில் எந்தக் கட்டடத்துக்கு எந்தச் சாவி, எந்தப் பூட்டு பனியில் இறுகிக்கொள்ளும் என்பதெல்லாம் ஒரு மனிதரின் கைப்பழக்கத்தில் இருந்தது. அதைக் கோப்பில் எழுதி அடுத்தவரிடம் ஒப்படைக்க முடியாது. அடுத்த வாரமே அதே பூங்காவிலுள்ள எல் கேப்பிட்டன் பாறையிலிருந்து பணியாளர்கள் தேசியக் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். ஆபத்தில் இருப்பவர் காட்டும் அடையாளம் அது. நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பின் நீக்கப்பட்டவர்களில் பலர் திரும்ப அழைக்கப்பட்டது உண்மைதான். ஆனால் ஓய்வுத் திட்டத்தில் வெளியேறிய மூத்தவர்களின் நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன.

ஏப்ரலில் தாங்கள் ஓர் ஆணை பிறப்பித்தீர்கள்: பூங்காக்கள் திறந்தே இருக்கவேண்டும், எதையேனும் மூடுவதென்றால் மேலிடத்தின் பரிசீலனை வேண்டும். மக்கள் வந்து ஏமாந்து திரும்பக்கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆளில்லாமல் திறந்துவைத்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் மாநிலம் ஒருமுறை பார்த்துவிட்டது. 2018 டிசம்பர் 22 முதல் 35 நாட்கள், நிதி ஒப்புதல் கிடைக்காமல் கூட்டாட்சி அரசு முடங்கியபோது இங்குள்ள ஜோஷுவா ட்ரீ பூங்காவின் வாயில்கள் பெரும்பாலும் திறந்தேதான் இருந்தன. கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன. பாலைவனத்துக்குள் வண்டிகள் தடம் பதித்தன. பூங்காவுக்குப் பெயர் தந்த ஜோஷுவா மரங்களும் வெட்டப்பட்டன. ஆண்டுக்குச் சில அங்குலமே வளரும் மரம் அது. வெட்டியவர் காலத்திலும் அவர் பேரன் காலத்திலும் அது பழைய உயரத்துக்கு வரப்போவதில்லை.

எங்கள் தாய்மொழியில் ஒரு சொல் உண்டு: புறம்போக்கு. வரி விதிக்கும் பட்டா நிலக் கணக்குக்குப் புறம்பாக, ஊருக்குப் பொதுவாக விடப்பட்ட நிலம் என்று பொருள். ஏரியும் மேய்ச்சல் தரையும் அதில் அடக்கம். பார்த்துக்கொள்ள ஆள் குறையக் குறைய அந்த நிலம் கைமாறியது, சொல்லும் கெட்டது. இன்று எங்கள் ஊர்த் தெருவில் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள். வேறொரு நாட்டுக் கதையை இங்கே சொல்வதற்குப் பொறுத்தருள வேண்டும். பொது நிலம் ஒரே நாளில் பறிபோவதில்லை, முதலில் காவலாள் போவான் என்பதை நாங்கள் பிறந்த மண்ணிலேயே பார்த்துவிட்டோம்.

இனி கணக்கு. 2024-இல் பூங்காக்களுக்கு 33 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. இதுவரை இல்லாத உச்சம். அதற்கு அடுத்த ஆண்டே, 2026 நிதியாண்டுக்கான அரசின் நிதிநிலை முன்மொழிவு பூங்காப் பணித்துறையின் நிதியில் சுமார் 120 கோடி டாலரைக் குறைக்கச் சொல்கிறது. இதில் ஏறக்குறைய 90 கோடி டாலர், அன்றாட நடைமுறைச் செலவிலிருந்து போகிறது. ரேஞ்சர் சம்பளம், குடிநீர்க் குழாய், மலையேறி வழிதவறியவரைத் தேடும் குழு எல்லாம் இந்தத் தலைப்பில்தான் வருகின்றன. தங்கள் துறை வெளியிட்ட மதிப்பீட்டின்படியே, 2023-இல் பூங்காக்களைச் சுற்றியுள்ள ஊர்களில் வருகையாளர்கள் செலவிட்ட தொகை 2,640 கோடி டாலர். இதை நம்பி நாடு முழுவதும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் இருக்கின்றன. இப்படி ஈட்டித்தரும் இடத்தில் 90 கோடியை மிச்சம் பிடிப்பது எந்த வகைச் சிக்கனம் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

தீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதை செப்பனிடுபவர், உயிரியலாளர் என்று வேறு பணிப்பெயரில் இருப்பவர்கள் பலர் தீயணைப்புப் பயிற்சி பெற்று, பெருந்தீ மூளும்போது களத்தில் இறங்குபவர்கள். தீயணைப்பு வீரர்களை நீக்கவில்லை என்று அரசு தரும் விளக்கத்தில் இவர்கள் வருவதில்லை. தேசியக் காடுகளை நிர்வகிக்கும் வனப்பணித்துறை தங்களிடம் இல்லை, வேளாண் துறையின் கீழ் இருப்பது தெரியும். ஆனால் தங்கள் பொறுப்பில் உள்ள நில மேலாண்மைப் பணியகத்தின் 24.5 கோடி ஏக்கரும் அதே காற்றில்தான் காய்கிறது.

கடந்த ஜூனில் பொது நிலத்தை விற்கும் ஒரு பிரிவு செனட் மசோதாவில் நுழைந்தது. வேட்டைக்காரர்கள், மலையேறிகள், மீன்பிடிப்பவர்கள், இரு கட்சியினரும் எதிர்த்ததால் அது திரும்பப் பெறப்பட்டது. நாங்களும் எங்கள் செனட்டர்களின் அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் பேசினோம். விற்கக்கூடாது என்று சொன்ன மக்கள், ஆளில்லாமல் பாழாக விடலாம் என்று சொல்லவில்லை.

ஆகவே, வரும் அக்டோபர் 1 அன்று புதிய நிதியாண்டு தொடங்குவதற்குள் தாங்கள் செய்யவேண்டுமென நாங்கள் வேண்டுபவை: நிரந்தரப் பணியிடங்களுக்கான ஆள் சேர்ப்புத் தடையைப் பூங்காக்களுக்கும் பொது நிலங்களுக்கும் விலக்குங்கள். பருவகாலப் பணியாளர்களைக் கோடை பிறந்தபின் தேடாமல் குளிர்காலத்திலேயே உறுதிசெய்யுங்கள். இந்த ஆண்டு கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்று, பின் 7,700 பேர் வரை எடுக்க அனுமதித்த குழப்பம் மீண்டும் வேண்டாம். நிதிக் குறைப்பு முன்மொழிவை நாட்டின் சட்டமன்றமான காங்கிரஸ் முன் தொடர்ந்து வலியுறுத்தாதீர்கள். சிறிய பூங்காக்களை மாநிலங்களிடம் தள்ளிவிடும் யோசனையைக் கைவிடுங்கள். கலிஃபோர்னியாவிடம்கூட அதற்கென உபரிப் பணம் இல்லை. பராமரிப்பு நிலுவை சுமார் 2,300 கோடி டாலராக நிற்கையில், 2020-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டுகளுக்கு ஏற்படுத்திய புனரமைப்பு நிதி இந்தச் செப்டம்பரோடு முடிகிறது. அதை நீட்டிக்கத் தாங்களே காங்கிரஸிடம் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு பூங்காவிலும் 2025 ஜனவரியில் எத்தனை நிரந்தரப் பணியாளர் இருந்தார்கள், இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற பட்டியலையும் பொதுவெளியில் வைக்கக் கோருகிறோம். இந்த மனுவுக்கு எழுத்துமூலம் பதில் தரும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழே கையொப்பமிட்டுள்ள குடிமக்கள்

நகல்: எங்கள் மாநில செனட்டர்கள் இருவருக்கும்