ஸ்மார்ட் போர்டும் பஞ்சுத் தூசியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வகுப்பறையில் ஸ்மார்ட் போர்டுத் திரை வைப்பதால் பிள்ளைகளுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் மின்னோட்டவியல் பாடத்தை எடுத்துப் பார்க்கலாம். 9 வோல்ட் பேட்டரியில் 10 ஓம் மின்தடை ஒன்றை மாட்டினால் 0.9 ஆம்பியர். இன்னொன்றைத் தொடரில் சேர்த்தால் 0.45, பக்க இணைப்பில் சேர்த்தால் 1.8. கரும்பலகையில் இது வெறும் கணக்கு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' (PhET) என்ற, கணினியில் செய்து பார்க்கும் பாவனைச் சோதனைப் பாடத்தில் கம்பியை இழுத்து மாட்டியதுமே எலக்ட்ரான் ஓட்டம் கூடுவதும் குறைவதும் கண்ணுக்குத் தெரிகிறது. ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிப்பதும் திரையோடு சரி. பயமில்லாமல் தப்புச் செய்து பார்க்கலாம் என்பதுதான் பெரிய லாபம். ஆனால் ஆய்வக மேசையை மூடிவிடக் கூடாது. நிஜ பல்பு சூடாகும்போது அதன் மின்தடை கூடி, கணக்கு பிசகும். அதையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

ஃபெட் இலவசம். ஒரே கோப்பாக இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலே ஓடும். பாடநூலின் கியூஆர் காணொளிகளையும் முந்தின நாளே அரசின் திக்‌ஷா செயலியில் இறக்கிவிடலாம். சிக்னல் தேடி அலையும் கடம்பூர், தாளவாடி மலைப் பள்ளிகளுக்கு இது மிக அவசியம்.

நம் பகுதியில் சாதனத்தை முடக்குவது பெரும்பாலும் தூசிதான். பல்லடம், சோமனூரில் தறிக்குடோன் பஞ்சு. பொள்ளாச்சியில் தென்னை நார்த்தூள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, தாராபுரம் பக்கம் வாரி இறைக்கும் மண். புரொஜெக்டரின் காற்று வடிகட்டியில் பஞ்சு அடைத்தால் உள்ளே சூடேறி, பாதிப் பாடத்தில் தானே அணைந்துவிடும். மற்ற ஊர்க்காரர்களுக்காக எழுதிய கையேட்டை நம்பியிருக்காமல், 15 நாளைக்கு ஒருமுறை கழற்றித் தட்டிவிடுங்கள். விளக்கு வைத்த புரொஜெக்டர் என்றால், பாடம் முடிந்ததும் விசிறி நிற்கும்வரை மெயின் சுவிட்சை அணைக்கக் கூடாது. சூடு வெளியேறாவிட்டால் விளக்கின் ஆயுள் குறையும்.

தொடுதிரையில் விரல் ஓரிடம், கோடு வேறிடம் என்றால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். பல திரைகளில் சட்டத்தைச் சுற்றி அகச்சிவப்புக் கதிர் ஓடுகிறது. தூசி அதை மறித்தால் யாரோ தொட்டதாகத் திரை நினைத்துக்கொள்ளும். உலர்ந்த மெல்லிய துணியால் நாலு ஓரமும் துடைத்தால் போதும், தண்ணீர் தெளிக்கவே கூடாது. மேற்கு ஜன்னல் வெயில் நேராக விழுந்தாலும் இதே கோளாறு வரும். ஒரு திரைச்சீலை தைத்து மாட்டிவிடலாம்.

மின்சாரம் போனால் கைகொடுக்கும் 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) யு.பி.எஸ். தருவது ஏறக்குறைய 360 வாட்தான், அதுவும் சில நிமிடங்களுக்கு. கணினியை முறையாக அணைக்கத்தான் அது; பாடம் நடத்த அல்ல. மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்நிறுத்தம் எந்த ஊருக்கு என்றைக்கு என்று உங்கள் நாளிதழிலேயே முன்கூட்டி வந்துவிடுகிறது. அதைக் கத்தரித்து ஆசிரியர் ஓய்வறையில் ஒட்டினால், அன்றைக்குத் திரைப்பாடம் வைத்துவிட்டு விழிக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
வாசகர், பல்லடம்